சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மதுரைத் தெருப்பெயர்கள் பற்றி ஒரு பதில்

மதுரைக்கு வேலை மாற்றலாகி வந்த ஒருவர் கேட்டிருந்தார்: "இந்த ஊரில் தெருக்களுக்கு மாதங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனால் மாத வரிசை கலைந்து கிடக்கிறது. சித்திரைத் தேர் சித்திரை வீதியை விட்டுவிட்டு மாசி வீதியில் ஓடுகிறது. அது போக மாரட் வீதி, கான்சா மேட்டுத் தெரு, நவபத்கானா தெரு என்று எந்த மொழி என்றே பிடிபடாத பெயர்கள். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எதை நம்புவது?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு தெருப்பெயர் நமக்கு விநோதமாகத் தெரிகிறது என்றால், அந்தப் பெயர் எதைச் சுட்டியதோ அது அங்கிருந்து போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். பொருள் கண்ணெதிரே இருக்கும்வரை எந்தப் பெயரும் விநோதமில்லை. யானைக்கல்லுக்கு ஏன் அந்தப் பெயர் என்று மதுரையில் யாரும் கேட்பதில்லை, கல்யானை அங்கேயே நிற்கிறது. சிம்மக்கல்லும் அப்படித்தான். ஆகவே ஒரு பெயருக்குக் கதை கேட்கும்போது, "இங்கே முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் கதையை நம்பலாம். வெறும் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக் கட்டிய கதையை ஒதுக்கிவிடலாம்.

முதலில் மாதங்கள். மீனாட்சியம்மன் கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பவை ஆடி வீதிகள். மதிலைச் சுற்றி வெளியே சித்திரை வீதிகள். அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று வருவதைப் பார்த்து "நாள்காட்டியைத் தெரியாதவன் வைத்த பெயரா?" என்று தோன்றும். இந்தப் பெயர்களுக்கும் நாள்காட்டி வரிசைக்கும் தொடர்பே கிடையாது. ஒவ்வொரு வீதியும் எந்தத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்குப் பயன்பட்டதோ அந்த மாதத்தின் பெயரை வாங்கிக்கொண்டது. ஆடி முளைக்கொட்டுத் திருவிழாவில் அம்மன் இன்றும் ஆடி வீதியில்தான் வலம் வருகிறாள். பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கும் ஆவணி மூலத் திருவிழாவுக்கு ஆவணி மூல வீதி.

இந்த 'மூல' என்ற சொல்லில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'ஆவணி மூலை' என்று சொல்பவர்கள் உண்டு, நான்கு மூலை திரும்புவதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது மூல நட்சத்திரம். ஆவணி மாதத்து மூல நட்சத்திரத்தை ஒட்டி வரும் விழா, ஆவணி மூலம். நான்கு மூலை எல்லா வீதிக்கும்தான் இருக்கிறது, ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் அந்தப் பெயர் எப்படி வரும்? 'பக்கத்துத் தெருவுக்கும் இந்த விளக்கம் பொருந்துமா?' என்று கேட்டுப் பார்ப்பது எப்போதும் நல்லது. பொருந்திவிட்டால் விளக்கம் தவறு.

அப்புறம் கீழ, மேல. வெளியூர்க்காரர்கள் 'கீழ மாசி வீதி' என்றதும் பள்ளத்தில் இருக்கும் வீதி, 'மேல மாசி வீதி' என்றதும் மேட்டில் இருக்கும் வீதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவை கிழக்கும் மேற்கும்தான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டதிலும் ஆழமான ஒரு உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் நிலமே மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மேலே இருக்கும் பக்கம் மேற்கு, கீழே இருக்கும் பக்கம் கிழக்கு. வைகை ஓடும் திசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திசைப்பெயர் பிறந்த விதத்தையே மதுரை வீதிப் பலகைகள் தினமும் காட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

சரி, தேருக்கு வருவோம். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் மாசி வீதிகளைச் சுற்றுகிறது. சித்திரைத் திருவிழாத் தேருக்கு சித்திரை வீதி இல்லையா? இதற்கு ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம், திருமலை நாயக்கர் செய்த மாற்றம். அவர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் காலத்துக்கு முன்பு மீனாட்சியின் கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன, தேர் ஓடிய வீதி மாசி வீதி ஆயிற்று. மாசி, அறுவடை வேலை நடக்கும் நேரம். பெரிய தேரை இழுக்க ஆள் திரட்டுவது கஷ்டம். இன்னொரு பக்கம் அழகர், சித்திரை மாதத்தில் மலையிலிருந்து இறங்கி சோழவந்தான் பக்கம் உள்ள தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார். நாயக்கர் மீனாட்சியின் விழாவை சித்திரைக்குக் கொண்டுவந்தார், அழகரை மதுரை வைகைக்குத் திருப்பினார், இரண்டு விழாவும் ஒன்றாகிவிட்டன.

இந்தக் கதையை நான் ஏன் நம்புகிறேன் என்றால், இதற்கு இரண்டு பெயர்கள் சாட்சி நிற்கின்றன. ஒன்று மாசி வீதியே. விழாவின் மாதத்தை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். தேர் ஓடும் பாதையை அப்படி மாற்ற முடியாது. அவ்வளவு பெரிய தேர் திரும்ப அகலமான மூலை வேண்டும், நிற்க நிலை வேண்டும். அதனால் விழா மாதம் மாறியது, பாதை அப்படியே நின்றது, பாதையின் பெயரில் பழைய மாதமும் நின்றுவிட்டது. இரண்டாவது சாட்சி ஆற்றங்கரையில் இருக்கிறது. அழகர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கும் மண்டபம் வண்டியூரில், வைகைக்குள் இருக்கிறது. அதன் பெயர் தேனூர் மண்டபம். தேனூரோ ஆற்றின் மேல்பக்கம் தொலைவில் இருக்கும் வேறு ஊர். விழா இடம் மாறி வந்தபோது பழைய ஊரின் பெயரையும் கையோடு கொண்டுவந்திருக்கிறது. ஒரே மாற்றத்தை இரண்டு இடத்தில் இரண்டு பெயர்கள் தனித்தனியாக நினைவு வைத்திருக்கும்போது அதை வெறும் கட்டுக்கதை என்று தள்ள மனம் வரவில்லை.

மேல மாசி வீதியைச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது அந்த வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். அந்த உடையில் முதன்முதலாக மக்கள் முன் வந்து நின்ற வெற்றிடம் காந்திப் பொட்டல் ஆனது. பொட்டல் என்றால் வெறும் திடல். இன்று அங்கே பொட்டலாக எதுவும் இல்லை, இன்னும் இரண்டு தலைமுறை போனால் அந்தப் பெயருக்கும் யாராவது விளக்கம் கேட்பார்கள்.

மாசி வீதியைத் தாண்டினால் சுவாமி வலம் வரும் உலகம் முடிந்து கோட்டையின் உலகம் தொடங்குகிறது. மதுரைக்குக் கோட்டை இருந்தது, அகழி இருந்தது. 1830களின் இறுதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடிக்க வைத்தார். ஊர் நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது, சுவரும் தேங்கிய அகழித் தண்ணீரும் ஊரை மூச்சுவிடாமல் வைத்திருந்தன. மதிலை இடித்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்தார்கள், தூர்த்த இடத்தில் புதிய வீதிகள் எழுந்தன. அவற்றில் எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது வெளி வீதி. பலகையில் 'கீழ வெளி வீதி' என்று பார்த்துவிட்டு வெட்டவெளி என்றோ வயல்வெளி என்றோ நினைக்க வேண்டாம். வெளிப்புற வீதி, அவ்வளவுதான்.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் இருப்பவைதான் நீங்கள் கேட்ட மாரட் வீதியும் அதன் கூட்டாளியான பெருமாள் மேஸ்திரி வீதியும். மாரட் என்பதை மராட்டியர் என்று வாசிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தஞ்சாவூரில் மராட்டியர் ஆண்டார்கள், மதுரையிலும் ஒரு மராட்டியத் தெரு இருக்கக் கூடாதா? ஆனால் பக்கத்து வீதியைப் பாருங்கள். பெருமாள் மேஸ்திரி என்பவர் கோட்டை இடிப்பு வேலையில் இருந்தவர். மாரெட் அதே வேலையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி. அகழியைத் தூர்த்து வீதி போட்ட இரண்டு பேரின் பெயர் அந்த வீதிகளுக்கே நின்றுவிட்டது. அதிகாரிக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று என்று பெயர் வைத்தது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் விஷயம். வேலை செய்த மேஸ்திரியின் பெயர் ஒரு பெருவீதிக்கு நிலைத்த ஊர்கள் அதிகம் இல்லை. அந்த 'மேஸ்திரி' என்ற சொல்லும் தமிழ் இல்லை, போர்த்துக்கீசியரின் 'மெஸ்த்ரே' நம் வாயில் பழகி மேஸ்திரி ஆனது. பெருமாள் பெயரும் போர்த்துக்கீசியப் பட்டமும் சேர்ந்து ஆங்கிலேயர் காலத்து வீதிக்குப் பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோயில் ஊர்களில் 'வீதி' என்றால் சுவாமி வலம் வரும் பாதை. மற்றதெல்லாம் தெரு, சந்து. வெளி வீதியும் மாரட் வீதியும் கோட்டை இடித்த பிறகு வந்தவை, ஆனாலும் அவை தெரு ஆகாமல் வீதி ஆகிவிட்டன. கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் திசைப்பெயரோடு ஓடும் எதையும் வீதி என்றே சொல்லிப் பழகிவிட்ட ஊர் இது என்பதுதான் என் கணிப்பு.

கோட்டை போய்விட்டது, வாசல்கள் பெயரில் இருக்கின்றன. கீழவாசல், தெற்குவாசல் என்று பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுக்கிறோம், இறங்கினால் எந்த வாசலும் இல்லை. மேலவாசல் பக்கம் மட்டும், பெரியார் பேருந்து நிலையம் அருகே, கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள், இந்தப் பெயர்கள் எல்லாம் அப்போது உடனே புரிந்துவிடும். விளக்குத்தூண் என்ற இடப்பெயரும் இதே கதையைச் சேர்ந்தது, அது பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்.

அடுத்து அரண்மனை. இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் திருமலை நாயக்கர் மகால், பழைய அரண்மனையில் ஒரு சிறு பகுதிதான். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார். மிச்சம் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறியது. ஆனால் அரண்மனையின் எல்லையைத் தெருப்பெயர்களைக் கொண்டே ஓரளவு வரைந்துவிடலாம். பத்துத்தூண் சந்து என்று துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்று இருக்கிறது. அங்கே நடுச்சந்தில் பத்துப் பெரிய கல்தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. யானை கட்டிய தூண் என்று சொல்வார்கள். அவை அரண்மனையின் ரங்கவிலாசம் என்ற பகுதியின் மிச்சம். மகாலிலிருந்து அந்தச் சந்துவரை நடந்து பாருங்கள், நடந்த தூரம் எவ்வளவோ அரண்மனை அவ்வளவு பெரிதாக இருந்தது என்று காலே சொல்லும்.

நவபத்கானா தெருவும் அதே வட்டாரம்தான். 'நவ' என்றதும் ஒன்பது என்றோ புதியது என்றோ மனம் ஓடும். அது பாரசீகச் சொல், நௌபத் கானா. அரண்மனை வாசலில் குறித்த நேரங்களில் முரசும் மங்கல வாத்தியமும் முழங்கும் மண்டபம். 'நௌபத்' என்றால் முறை, தவணை. முறைப்படி நேரம் தவறாமல் முழங்குவதால் அந்த வாத்தியத்துக்கே அந்தப் பெயர். வட இந்திய அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் இதே பெயரில் மண்டபங்கள் இன்றும் உள்ளன, ஆகவே இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தெலுங்கு பேசிய நாயக்க அரசர்கள், தமிழ் ஊரில், பாரசீகப் பெயரில் ஒரு வாத்திய மண்டபம் வைத்திருந்தார்கள். பந்தடித் தெருக்களும் பக்கத்திலேயே உள்ளன. அரண்மனையைச் சேர்ந்தவர்கள் பந்தாடிய திடல் என்று சொல்வார்கள். சொல்லும் இடமும் ஒத்துப்போவதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன், நவபத்கானா அளவுக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.

கான்சா மேட்டுத் தெரு எனக்கு மனதுக்கு நெருக்கமானது. ராமநாதபுரம் பக்கம் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, யூசுப் கான் ஆகி, கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் உயர்ந்து, மதுரையை நிர்வகித்து, கடைசியில் ஆற்காட்டு நவாபையும் ஆங்கிலேயரையும் எதிர்த்து நின்ற மனிதர் ஊர் வாயில் 'கான் சாகிப்'. கோட்டைக்குள் இருந்தவர்களே காட்டிக்கொடுத்து, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். கான் சாகிப் தேய்ந்து கான்சா ஆனது. வெறும் ஒலி ஒற்றுமையா என்று யாரும் கேட்டால், விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு பக்கம் கான்சாபுரம் என்ற ஊர் இருக்கிறது, அதுவும் அவர் பெயரால்தான். ஒரே தேய்வு இரண்டு இடத்தில் ஒரே மாதிரி நடந்திருந்தால் அதை நம்பலாம். மதுரையில் அவருக்குப் பிறகு எத்தனையோ ஆட்சி வந்துபோனது, அவரைத் தூக்கிலிட்டவர்களின் ஆட்சியும் 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது, மக்கள் வாயில் மட்டும் அந்தப் பெயர் தங்கிவிட்டது.

இப்படிப் பெயர் தேய்வதற்குச் சென்னையில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஹாமில்டன் பெயரில் கட்டிய பாலம் ஊர் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில் பெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றார்கள். போன பெயர் வேறு ஆளாகித் திரும்பி வந்தது. ஆர்மீனியர் தெரு அரண்மனைக்காரன் தெரு ஆனதும் அங்கேதான். அந்தத் தெருவில் அரண்மனையைத் தேடிப் பயனில்லை, ஆர்மீனியர்களின் தேவாலயம்தான் இருக்கிறது. மதுரையின் காஜிமார் தெருவில் அவ்வளவு சிக்கல் கிடையாது: இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் காஜி என்ற அரபுச் சொல்லோடு நம்முடைய 'மார்' சேர்ந்தது, அண்ணன்மார், அம்மாமார் என்பது போல. கோரிப்பாளையத்தில் உள்ள கோரி என்பது அடக்கத் தலம், அங்கே உள்ள தர்காவைக் குறிக்கிறது.

புராணத்திலிருந்து வந்த பெயரும் உண்டு. எழுகடல் தெரு, ராய கோபுரத்துக்கு அருகே. கடல் எழுந்துவந்த தெரு என்று பொருள் சொல்வார்கள், இல்லை. ஏழு கடல்தான் எழுகடல், எழுபது என்று சொல்லும்போது ஏழு குறுகுவது போல. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள், மருமகனான சிவன் ஏழு கடலையும் அங்கேயே ஒரு குளத்துக்கு வரவழைத்தார் என்பது திருவிளையாடல். அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள்.

சொல் மட்டும் மறந்துபோன பெயர்களும் இருக்கின்றன. மாட்டுத்தாவணி என்றதும் வெளியூர் இளைஞர்கள் பாவாடை தாவணியை நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தாவணி வேறு. மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு தாவணி, அப்படிக் கட்டி விற்கும் சந்தையும் தாவணி. தென் மாவட்டங்களில் கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு மாட்டுத்தாவணி என்றுதான் பெயர். பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரை வைத்த பிறகும் கண்டக்டர் 'மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி' என்றுதான் கூவுகிறார். காளவாசலிலும் வாசல் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்கு இந்தப் பக்கத்தில் காளவாசல் என்று பெயர், தேனி பக்கம் போனால் இன்றும் செங்கல் காளவாசல் என்று சொல்லக் கேட்கலாம். குட்செட் தெரு ரயில்வேயின் சரக்குக் கிடங்கு, கூட்ஸ் ஷெட். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நீங்களே தேடிப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு யோசனை. பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள், பலகை எழுதுபவர் ஒரு கால் விட்டால் பெயரே மாறிவிடும். அந்தத் தெருவில் பழைய கடை வைத்திருப்பவர் வாயால் எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் வீட்டுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று, மனம் வைத்தால், காட்டுவார். பழைய பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது பக்கத்தில் இருந்த குளம், மண்டபம், சந்தை எல்லாம் வந்துவிடும். அப்புறம் ஒரு நாள் காலையில் கூட்டம் சேருவதற்கு முன் ஆடி வீதியில் தொடங்கி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, மாரட், வெளி என்று கிழக்கு நோக்கி நேராக நடந்து வாருங்கள். ஆற அமர நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் கோயிலிலிருந்து கோட்டைக்கு வெளியே வந்துவிடுவீர்கள்.